சொன்னது யாரிடம், எந்தக் காலத்தில்? காலப்பகுப்பு முறையில் வேதம் வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பல சபைகளில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டைகளில் திரும்பத் திரும்ப வரும் வசனம், "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்பது. உபாகமம் 28:13. வாங்கி வந்து சுவரில் ஒட்டுகிறோம், அதை வைத்து ஜெபிக்கிறோம். அந்த அதிகாரத்தை முதல் வசனம் தொடங்கிக் கடைசி வரை ஒரே மூச்சில் வாசித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மொத்தம் 68 வசனங்கள். முதல் 14 வசனங்கள் ஆசீர்வாதம். மீதி 54 வசனங்களும் சாபம்: கொள்ளைநோய், மழையில்லாத வானம், முற்றுகை, தேசத்தைவிட்டுச் சிதறிப்போவது. முதல் பகுதி எனக்குச் சொன்னது என்றால் இரண்டாம் பகுதி யாருக்குச் சொன்னது?

இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, காலப்பகுப்பு முறையின் வாசலுக்கு வந்துவிட்டார். போதகர்களின் பேச்சில் இது டிஸ்பென்சேஷன் என்றே வரும். யுகங்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அடிப்படை எளிமையானது. தேவன் மாறாதவர், இரட்சிப்பின் வழியும் ஒன்றே. ஆனால் மனிதர்களை அவர் நடத்திய விதமும் அவர்களிடம் கேட்ட பொறுப்பும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. எனவே ஒரு வசனத்தை எடுத்தவுடன் "இதில் எனக்கு என்ன?" என்று கேட்காமல், "இது யாரிடம், எந்தக் காலத்தில் சொல்லப்பட்டது?" என்று முதலில் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து, பின்னர் அந்தச் சபையைவிட்டு வெளியேறிய ஜான் நெல்சன் டார்பி (1800–1882) இதை ஒரு முறையாக வகுத்தார். அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்து போதகரான சி. ஐ. ஸ்கோஃபீல்டு, வேத வசனங்களுக்குக் கீழேயே விளக்கக் குறிப்புகள் அச்சிட்ட ஒரு வேதாகமத்தை 1909-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழியாக வெளியிட்டார். சாதாரண விசுவாசிகளின் வீடுகளுக்குள் இந்த முறை நுழைந்தது அந்தப் புத்தகத்தால்தான். 1924-இல் லூயிஸ் ஸ்பெர்ரி சேஃபர் தொடங்கிய டல்லாஸ் இறையியல் கல்லூரி இதைப் பாடமாக்கியது. நம் பக்கத்தில் பிரதரன் சபைகள் வழியாக இது வேரூன்றியது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் ரகசிய வருகை (கிறிஸ்து வந்து சபையை எடுத்துக்கொள்வது), உபத்திரவ காலம் (அதையொட்டிய ஏழு வருஷத் துன்பம்), ஆயிர வருஷ அரசாட்சி (பூமியில் கிறிஸ்துவின் ஆட்சி) என்ற கடைசிக்கால வரிசையை இதிலிருந்தே எடுத்துக்கொண்டன. சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்க மரபுகளின் அதிகாரபூர்வமான போதனையில் இது இல்லை. நீங்கள் அந்தச் சபைகளில் வளர்ந்தவர் என்றால் இதில் பல விஷயங்கள் புதிதாகப் படும், அதில் தவறில்லை.

முதல் படி: நான்கு கேள்விகள்

ஒரு நோட்டுப் புத்தகமும் ஒத்துவாக்கியங்கள் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்புகள்) உள்ள ஒரு வேதாகமமும் போதும். விளக்கவுரைகளை ஆரம்பத்திலேயே வாங்கிக் குவிக்க வேண்டாம். கடைசிக்காலப் படங்களும் வேண்டாம். சபைச் சுவரில் தொங்கும் அந்தப் பெரிய ஏழு கால வரைபடத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்; புதிதாக வருகிறவர்கள் வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்குவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

வாசிக்கும் பகுதியைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்டு, பதிலை எழுதுங்கள். பேசுவது யார்? கேட்பது யார்? எந்த உடன்படிக்கையின் கீழே இது சொல்லப்படுகிறது? நிபந்தனை இருக்கிறதா?

உபாகமம் 28-லேயே செய்து பார்ப்போம். பேசுகிறவர் மோசே. கேட்கிறவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்களின் அடுத்த தலைமுறை. யோர்தானுக்கு இந்தப் பக்கம், மோவாபின் தேசத்தில், கானானுக்குள் நுழையக் காத்திருக்கிறார்கள் (1:5). உடன்படிக்கை, சீனாயில் கொடுக்கப்பட்ட நியாயப்பிரமாணம். நிபந்தனை முதல் வசனத்திலேயே இருக்கிறது: கர்த்தரின் சத்தத்துக்கு உண்மையாய்ச் செவிகொடுத்தால். 13-ஆம் வசனத்திலும் கட்டளைகளைக் "கைக்கொள்ளவும்" என்று அந்த நிபந்தனை இருக்கிறது. அட்டையில் அச்சடிக்கும்போது அதுதான் விட்டுப்போகிறது.

இப்போது ஆசீர்வாதத்தின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். கூடை, மாப்பிசைகிற தொட்டி, ஆடுமாடு, நிலத்தின் விளைச்சல், காலத்துக்கு மழை, ஏழு வழியாய் ஓடிப்போகும் சத்துரு. எல்லாம் ஒரு குறிப்பிட்ட ஜனத்துக்கும் ஒரு குறிப்பிட்ட தேசத்துக்கும் உரியவை. 43, 44-ஆம் வசனங்களுக்கு வாருங்கள்: கீழ்ப்படியாவிட்டால் அவர்கள் நடுவில் குடியிருக்கும் அந்நியன் உயர்ந்து தலையாவான், இஸ்ரவேல் வாலாகும் என்று அதே தலையும் வாலும் திரும்பி வருகின்றன. 64-ஆம் வசனம் சிதறடிக்கப்படுவதைச் சொல்கிறது. 2 இராஜாக்கள் 25-இல் பாபிலோனியர் எருசலேமைச் சுட்டெரித்தபோது இந்த அதிகாரம் வரிக்கு வரி நடந்தேறுவதைப் பார்க்கிறோம். இது ஒரு தேசத்தின் உடன்படிக்கைப் பத்திரம்.

அப்படியானால் சபையில் இருக்கும் எனக்கு இதில் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. தேவன் சொன்ன சொல்லை, ஆசீர்வாதமானாலும் நியாயத்தீர்ப்பானாலும், நிறைவேற்றுகிறவர் என்பதை இங்கே கற்றுக்கொள்கிறேன். பிறகு எனக்கென்று எழுதப்பட்ட நிருபங்களுக்குப் போகிறேன். நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து கிறிஸ்து மீட்டுக்கொண்டார் என்கிறது கலாத்தியர் 3:13. எபேசியர் 1:3 உன்னதங்களிலே ஆவிக்குரிய சகல ஆசீர்வாதத்தைச் சொல்கிறது. தொட்டியும் கூடையும் அங்கே இல்லை.

ஒரு பழைய ஏற்பாட்டு வாக்குத்தத்தம் நம்மிடம் வந்து சேரும் நேர்வழிக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பது யோசுவாவிடம் சொன்னது (யோசுவா 1:5). எபிரெயர் நிருபத்தை எழுதியவர் அதை எடுத்து, பண ஆசையில்லாமல் இருங்கள் என்று விசுவாசிகளுக்குச் சொல்லும் இடத்தில் வைக்கிறார் (13:5). அப்போஸ்தலர் காலத்து எழுத்தே அந்த வசனத்தை நம் கையில் கொடுத்துவிட்டது. இப்படிப்பட்ட வசனங்களைத் தயங்காமல் பிடித்துக்கொள்ளலாம். எல்லா வசனத்தையும் நாமே கை நீட்டி எடுப்பதுதான் பிரச்சினை.

இரண்டாம் படி: காலங்களின் எல்லைகள்

ஸ்கோஃபீல்டு சொன்ன ஏழு காலங்கள் இவை: ஏதேனில் கள்ளமின்மையின் காலம், விழுகைக்குப் பின் ஜலப்பிரளயம் வரை மனச்சாட்சியின் காலம், நோவாவிலிருந்து பாபேல் வரை மனித ஆட்சியின் காலம், ஆபிரகாமின் அழைப்பிலிருந்து சீனாய் மலை வரை வாக்குத்தத்தத்தின் காலம், சீனாயிலிருந்து சிலுவை வரை நியாயப்பிரமாணத்தின் காலம், இப்போது நடக்கும் கிருபையின் காலம், அதாவது சபையின் காலம், இனி வரப்போகும் ராஜ்யத்தின் காலம். ஒவ்வொன்றிலும் தேவன் ஒரு பொறுப்பைக் கொடுக்கிறார், மனிதன் தவறுகிறான், நியாயத்தீர்ப்பு வருகிறது, கிருபையால் புதிய தொடக்கம் வருகிறது.

ஏழு என்ற எண்ணை மனப்பாடம் செய்வதில் பெரிய பலன் இல்லை. நான்கு என்று எண்ணுகிறவர்களும் எட்டு என்று எண்ணுகிறவர்களும் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறார்கள். சீனாய்க்கு முன், சீனாய் முதல் சிலுவை வரை, பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின், கிறிஸ்துவின் அரசாட்சி: இந்த நான்கையும் குழப்பாமல் பிரிக்கத் தெரிந்தாலே உங்கள் வாசிப்பு தெளிந்துவிடும். காலம் மாறும்போது முன்பு சொன்ன எல்லாமே ஒரேயடியாக ரத்தாகிவிடுவதும் இல்லை. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்தை 430 வருஷத்துக்குப் பின் வந்த நியாயப்பிரமாணம் தள்ளிவிடவில்லை என்று பவுலே சொல்கிறார் (கலாத்தியர் 3:17). எது தொடர்கிறது, எது நின்றது என்று இடத்துக்கு இடம் பார்க்க வேண்டும்.

இதைப் பழகுவதற்குச் சாப்பாட்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஆதியாகமம் 1:29-இல் மனிதனுக்கு ஆகாரம் பூண்டும் விருட்சங்களின் கனியும். 9:3-இல் நோவாவிடம், நடமாடுகிற ஜீவஜந்துக்கள் யாவும் உங்களுக்கு ஆகாரம், பசும் பூண்டுகளைத் தந்ததுபோலவே இவைகளையும் தந்தேன் என்கிறார். லேவியராகமம் 11-இல் இஸ்ரவேலுக்கு மட்டும் வேலி வருகிறது: பன்றி கூடாது, தண்ணீரில் இருப்பவற்றில் சிறகும் செதிளும் உள்ளவை மட்டும். அதாவது இறால் கூடாது, நண்டு கூடாது, கணவாய் கூடாது, செதிளில்லாத கெளுத்தியும் கூடாது. அப்புறம் 1 தீமோத்தேயு 4:4-இல், தேவன் படைத்ததெல்லாம் நல்லது, ஸ்தோத்திரத்தோடு ஏற்றுக்கொண்டால் ஒன்றும் தள்ளத்தக்கதல்ல என்கிறார் பவுல். ஒரே தேவன், ஒரே வேதம், நான்கு உணவு ஏற்பாடுகள். "பன்றி கூடாதென்று வேதத்தில் இருக்கிறதே" என்று உங்களிடம் யாராவது சொன்னால், இருக்கிறதுதான்; யாரிடம் சொன்னது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பன்றியை விட்டு இறாலைச் சாப்பிடுகிறவர்கள் லேவியராகமத்தைப் பாதிதான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே பாடத்தில் கடினமான ஒன்றும் இருக்கிறது. ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிடலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. ரத்தத்தை விலக்கச் சொன்னது நோவாவிடம் (ஆதியாகமம் 9:4). பிறகு நியாயப்பிரமாணத்தில் (லேவியராகமம் 17). பிறகு எருசலேமில் அப்போஸ்தலர் கூடி, புறஜாதியாரிலிருந்து வந்த விசுவாசிகளுக்கு எழுதிய கடிதத்திலும் (அப்போஸ்தலர் 15:29). மூன்று காலங்களிலும் ஒரே கட்டளை. அப்போஸ்தலர் 15:21-ஐக் காட்டி, பட்டணந்தோறும் இருந்த யூதர்களுக்கு இடறல் வரக்கூடாது என்பதற்காக அன்று கொடுத்த ஏற்பாடு அது என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். நோவாவுக்குக் கொடுத்தது மனுக்குலம் முழுவதற்கும் கொடுத்தது, சபைக்கும் அது திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது, எனவே நிற்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் இரண்டாவது பக்கம். ஆனால் இதற்காக ஒரு சகோதரனோடு சண்டை போட மாட்டேன்.

மூன்றாம் படி: இஸ்ரவேலும் சபையும்

இந்த முறையின் முதுகெலும்பு இதுதான். இதை விட்டுவிட்டால் மீதியெல்லாம் வெறும் அட்டவணை. இஸ்ரவேலுக்குக் கொடுத்த வாக்குத்தத்தங்கள் இஸ்ரவேலுக்கே நிறைவேறும். சபை இஸ்ரவேலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஆதாரங்களை நீங்களே வரிசையாக வாசியுங்கள். ஆதியாகமம் 15-இல் பலிகளைத் துண்டித்து எதிரெதிராக வைத்த பிறகு, அவற்றின் நடுவே கடந்துபோனது புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும். ஆபிராம் அயர்ந்த நித்திரையில் கிடக்கிறார். உடன்படிக்கையின் பாரத்தைத் தேவன் ஒருவரே ஏற்றுக்கொண்டார் என்பதன் காட்சி அது. எகிப்தின் நதி முதல் ஐபிராத்து நதி வரை என்று எல்லையும் சொல்லப்படுகிறது (15:18). 2 சாமுவேல் 7-இல் தாவீதின் சிங்காசனத்தைப் பற்றிய வாக்கு. எரேமியா 31:31-இல் புதிய உடன்படிக்கை இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. பின்பு ரோமர் 9, 10, 11-ஐ ஒரே அமர்வில் வாசியுங்கள். 11:29-இல் "தேவனுடைய கிருபைவரங்களும், அவர்களை அழைத்த அழைப்பும் மாறாதவைகளே" என்று வருவது இஸ்ரவேலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான்.

சபையோ அப்போஸ்தலர் 2-இல் தொடங்குகிறது. யூதரும் புறஜாதியாரும் ஒரே சரீரமாவது முற்காலங்களில் மனுபுத்திரருக்கு அறிவிக்கப்படாத இரகசியம் என்கிறது எபேசியர் 3. 1 கொரிந்தியர் 10:32-இல் பவுல் யூதர், கிரேக்கர், தேவனுடைய சபை என்று மூன்று கூட்டங்களைத் தனித்தனியாகவே சொல்கிறார்.

மறுபக்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். சீர்திருத்தச் சபைகளின் உடன்படிக்கை இறையியல், தேவனுடைய ஜனம் ஆதிமுதல் ஒன்றே என்கிறது. நீங்கள் கிறிஸ்துவினுடையவர்களானால் ஆபிரகாமின் சந்ததியார் என்ற கலாத்தியர் 3:29-உம், நடுச்சுவரைத் தகர்த்தார் என்ற எபேசியர் 2:14-உம் அவர்களுடைய பலமான வசனங்கள். 1980-களிலிருந்து டாரல் பாக், கிரெய்க் பிளெய்ஸிங் போன்றவர்கள் காலப்பகுப்பு முறைக்குள் இருந்தே, தாவீதுக்கும் எரேமியாவுக்கும் கொடுத்த வாக்குகள் இப்போதே ஓரளவு நிறைவேறத் தொடங்கிவிட்டன, இஸ்ரவேலுக்குரிய முழு நிறைவேறுதல் இனி வரும் என்று சொல்லத் தொடங்கினார்கள். பழைய போக்கைவிட இது வேத வசனங்களுக்கு அதிக நியாயம் செய்கிறது என்பது என் எண்ணம். கர்த்தருடைய பந்தியில் "புதிய உடன்படிக்கை" என்று சொல்லிப் பாத்திரத்தை எடுக்கிற நாம், அது முழுக்க முழுக்க எதிர்கால இஸ்ரவேலுக்கு மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

நான்காம் படி: உள்ளபடி வாசிப்பது

உள்ளபடி வாசிப்பது என்றால் உருவகமே இல்லை என்று அர்த்தமில்லை. "நானே வாசல்" என்றவருக்குக் கீல் இருக்கிறதா என்று யாரும் தேடுவதில்லை. இலக்கணமும் சரித்திரச் சூழலும் சொல்கிற இயல்பான அர்த்தத்தை எடுப்பது, அடையாளம் வருகிற இடத்தில் அதை வேதமே எங்கே விளக்குகிறது என்று தேடுவது, இவ்வளவுதான். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு நட்சத்திரங்களும் ஏழு குத்துவிளக்குகளும் என்னவென்று 1:20-லேயே சொல்லப்பட்டுவிடுகிறது. தானியேல் 7-இன் மிருகங்கள் ராஜாக்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது.

தீர்க்கதரிசனத்தை ஏன் இப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம், கிறிஸ்துவின் முதல் வருகை. மீகா 5:2-இன் பெத்லகேம் ஓர் ஊர்தான். சகரியா 9:9-இன் கழுதைக்குட்டி நிஜமான கழுதைக்குட்டிதான். 11:12-இன் முப்பது வெள்ளிக்காசும் அப்படியே எண்ணிக் கொடுக்கப்பட்டது. அப்படியிருக்க அதே சகரியா 14:4-இல் ஒலிவமலை பிளக்கும் என்று சொல்லும்போது மட்டும் அதை ஆவிக்குரிய பொருளாக மாற்றுவதற்கு என்ன காரணம்? வெளிப்படுத்தல் 20-இல் 2-ஆம் வசனத்திலிருந்து 7-ஆம் வசனம் வரை ஆயிரம் வருஷம் என்பது ஆறு முறை வருகிறது. அது அடையாள எண் என்று சொல்கிறவர்கள், ஆகஸ்டீன் காலத்திலிருந்தே இருக்கிறார்கள். அவர்கள் வேதத்தை மதிக்காதவர்கள் அல்ல. ஆனாலும் ஆறு முறை சொன்ன எண்ணை எண்ணாகவே எடுப்பதுதான் எனக்கு இயல்பாகத் தெரிகிறது.

தீர்க்கதரிசிகளை வாசிக்கும்போது இன்னொன்றைக் கவனிக்கப் பழகுங்கள்: இரண்டு வருகைகளும் ஒரே வாக்கியத்துக்குள் அருகருகே இருக்கும், நடுவிலுள்ள காலம் கண்ணுக்குத் தெரியாது. லூக்கா 4-இல் நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயா 61-ஐ வாசிக்கிறார். கர்த்தருடைய அநுக்கிரக வருஷம் என்பது வரை வாசித்துப் புஸ்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்காருகிறார். ஏசாயாவில் வாக்கியம் அங்கே முடியவில்லை. தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாளும் அதே வரியில் தொடர்கிறது. வாசித்த பகுதியைப் பற்றித்தான் "இன்றையத்தினம் நிறைவேறிற்று" என்றார். மீதி இன்னும் நிற்கிறது.

இந்தக் கண்ணோடு தானியேல் 9:24–27-க்குப் போகலாம். எழுபது வாரங்கள் "உன் ஜனத்தின்மேலும் உன் பரிசுத்த நகரத்தின்மேலும்" குறிக்கப்பட்டிருக்கின்றன. அதாவது யூதர், எருசலேம். ஒரு வாரம் ஏழு வருஷம் என்றால் மொத்தம் 490 வருஷம். எருசலேமைத் திரும்ப எடுப்பித்துக் கட்டும் கட்டளையிலிருந்து மேசியா வரை ஏழும் அறுபத்திரண்டும், ஆக 69 வாரம், 483 வருஷம். அதற்குப் பின்பு மேசியா சங்கரிக்கப்படுவார், நகரமும் பரிசுத்த ஸ்தலமும் அழியும் என்று 26-ஆம் வசனம் சொல்கிறது, கி.பி. 70-இல் தீத்துவின் ரோமப் படை அதைச் செய்தது. கடைசி வாரம் 27-ஆம் வசனத்தில்தான் தொடங்குகிறது. சிலுவைக்கும் எருசலேமின் அழிவுக்கும் நடுவிலேயே ஏறக்குறைய நாற்பது வருஷம் இருப்பதால், 69-க்கும் 70-க்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு என்று இந்த முறை வாதிடுகிறது. சபையின் காலம் அந்த இடைவெளியில். உபத்திரவ காலம் அந்தக் கடைசி ஏழு வருஷம்.

லண்டன் ஸ்காட்லாந்து யார்டு அதிகாரியாக இருந்த சர் ராபர்ட் ஆண்டர்சன், வருஷத்துக்கு 360 நாள் என்று வைத்து, கி.மு. 445 மார்ச் 14 முதல் கி.பி. 32 ஏப்ரல் 6 வரை 1,73,880 நாட்கள் என்று கணக்குக் காட்டினார். பிரசங்கங்களில் இந்த எண் அடிக்கடி வரும். ஆனால் கி.மு. 444-இல் தொடங்கி கி.பி. 33-இல் முடிக்கிறவர்களும், எஸ்றா 7-ஐ வைத்துக் கி.மு. 457-இல் தொடங்குகிறவர்களும் உண்டு. உங்கள் விசுவாசத்தை அந்த நாள் கணக்கின் மேல் கட்ட வேண்டாம். பகுதியின் ஓட்டம் தெளிவாக இருக்கிறது, அது போதும்.

ஐந்தாம் படி: பொருத்துவது

ஒரு கட்டளை நமக்கு உரியதா என்று பார்க்க நடைமுறையான ஒரு வழி: சபைக்கு எழுதப்பட்ட நிருபங்களில் அது திரும்ப வருகிறதா என்று தேடுவது. பத்துக் கட்டளைகளில் ஒன்பது ஏதோ ஒரு வடிவில் திரும்ப வருகின்றன. ஓய்வுநாள் வரவில்லை, அது எனக்கும் இஸ்ரவேல் புத்திரருக்கும் அடையாளம் என்று யாத்திராகமம் 31:17 சொல்கிறது, அதைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்று கொலோசெயர் 2:16 சொல்கிறது.

தசமபாகம்தான் நம் சபைகளில் நெருப்பான விஷயம். மல்கியா 3:10-இன் பண்டசாலை, தேவாலயத்து அறைகள். நெகேமியா 13:12-இல் அங்கே தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் வந்து சேருவதைப் பார்க்கலாம். நிலப் பங்கு இல்லாத லேவியர் பிழைப்பதற்கான ஏற்பாடு அது. உபாகமம் 14-ஐத் திறந்தால் இன்னும் வியப்பு: ஒரு தசமபாகத்தைக் கொடுக்கிறவரே தன் வீட்டாரோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும், மூன்றாம் வருஷம் அது லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போக வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு, கொடுக்காதவன் சபிக்கப்பட்டவன் என்ற வரியை மட்டும் கூலி வேலை செய்யும் விதவையிடம் வாசித்துக் காட்டுவது பெரிய அநியாயம். ஆபிரகாம் நியாயப்பிரமாணத்துக்கு முன்பே மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தாரே என்பது நியாயமான கேள்வி. ஆனால் அங்கே கட்டளையும் இல்லை, சாபமும் இல்லை, அது போரில் எடுத்ததிலிருந்து கொடுத்தது. சபைக்குச் சொன்னது 2 கொரிந்தியர் 9:7: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடி. அது பத்தில் ஒன்றைவிட அதிகமாகவும் இருக்கலாம். தாராளமாகக் கொடுங்கள், பயந்து கொடுக்காதீர்கள்.

விழக்கூடிய குழிகள்

பழைய ஏற்பாட்டில் கிரியையால் இரட்சிப்பு, இப்போது விசுவாசத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கோஃபீல்டின் குறிப்புகளில் சில அப்படி அர்த்தம்கொள்ள இடம் கொடுத்தன. 1967-இல் வந்த திருத்திய பதிப்பில் அவற்றைச் சரிசெய்தார்கள். ஆபிராம் விசுவாசித்தார், அது நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15:6. இரட்சிப்பு எந்தக் காலத்திலும் கிருபையால், விசுவாசத்தின் மூலம்.

நமக்கு எழுதப்பட்டதல்ல என்று சொல்லிப் புத்தகங்களை ஓரங்கட்டுவது இன்னொரு குழி. நேரடியாக நம்மிடம் சொல்லப்படாதவையும் நமக்குப் போதனையாகவே எழுதப்பட்டவை (ரோமர் 15:4). மலைப்பிரசங்கம் வரப்போகும் ராஜ்யத்தின் சட்டம், இன்றைக்கு நேரடியாகப் பொருந்தாது என்று அந்தக்கால ஆசிரியர்கள் சிலர் எழுதினார்கள். சத்துருவைச் சிநேகிக்கச் சொன்ன கர்த்தரின் வார்த்தையை ஒத்திப்போட எந்த அட்டவணைக்கும் உரிமையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்னும் ஒருபடி மேலே போய், பவுல் சிறையிலிருந்து எழுதிய நிருபங்கள் மட்டுமே சபைக்கு என்று சொல்கிற தீவிரக் கூட்டமும் உண்டு. ஞானஸ்நானமும் கர்த்தருடைய பந்தியும் வேண்டாம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் நீங்கள் வந்திருப்பது அந்த வழிக்குத்தான், திரும்பிவிடுங்கள்.

நாள் குறிக்கிறவர்களை விட்டு விலகுங்கள். 1948-இல் இஸ்ரவேல் தேசம் உருவானதிலிருந்து ஒரு தலைமுறை என்று கணக்குப் போட்டு வருஷம் சொன்னவர்கள் எல்லாரும் தவறிப்போனார்கள். பிதா தம்முடைய ஆதீனத்தில் வைத்திருப்பதை அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்று அப்போஸ்தலர் 1:7 சொல்லிவிட்டது. இன்றைய போர்ச் செய்தியை எசேக்கியேல் 38-இல் பொருத்திப் பார்க்கும் காணொளிகளால் உங்கள் வேத அறிவு ஒரு துளியும் வளராது. இஸ்ரவேலுக்குத் தேவன் கொடுத்த வாக்குத்தத்தத்தை நம்புவதும், ஓர் அரசாங்கம் செய்வதையெல்லாம் சரியென்று சொல்வதும் வேறு வேறு. அந்தத் தேசத்தைக் கடுமையாகக் கண்டித்தவர்கள் அதன் தீர்க்கதரிசிகளே.

எங்கே தொடங்குவது

ஆதியாகமத்தையும் யாத்திராகமத்தையும் முதலில் முடியுங்கள்; உடன்படிக்கைகள் அங்கே இருக்கின்றன. பிறகு உபாகமம், 2 சாமுவேல் 7, எரேமியா 30 முதல் 33 வரை. அடுத்து மத்தேயு. 10:5-இல் புறஜாதியாரிடம் போகாதிருங்கள் என்றவர் 28:19-இல் சகல ஜாதிகளிடமும் அனுப்புவதற்குள் என்ன நடந்தது என்று குறிப்பெடுத்துக்கொண்டே வாசியுங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் மாற்றத்தின் புத்தகம். அங்கே நடந்தவை எல்லாவற்றையும் சட்டமாக்க வேண்டாம். ரோமர், கலாத்தியர், எபேசியர், எபிரெயர் முடித்த பிறகு தானியேல், சகரியா, வெளிப்படுத்தின விசேஷம். ரகசிய வருகை உபத்திரவத்துக்கு முன்னா பின்னா என்ற விவாதத்தை 1 தெசலோனிக்கேயர் 4, 5 அதிகாரங்களை வாசித்து முடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

எசேக்கியேல் 40 முதல் 48 வரையுள்ள ஆலயத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறைக்கு இருக்கும் மிகப் பெரிய சிக்கல் அங்கேதான். ஆலயத்திலிருந்து நதி புறப்படுகிறது, என்கேதியில் வலை விரிக்கிறார்கள், உளையான பள்ளங்கள் மட்டும் உப்பாகவே விடப்படுகின்றன (47:10, 11); இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லப்பட்ட இடத்தை வெறும் அடையாளம் என்று சொல்ல மனம் வருவதில்லை. ஆனால் அதே ஆலயத்தில் பாவநிவாரண பலிகளும் செலுத்தப்படுகின்றன (45:17), எபிரெயர் 10-ஓ பாவத்துக்காக இனிப் பலி செலுத்தப்படுவதில்லை என்கிறது. அவை சிலுவையை நினைவுகூரும் பலிகள் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மகிமை வாசமாயிருக்கும் இடத்தின் சடங்குச் சுத்திகரிப்புக்கானவை, மனச்சாட்சியைச் சுத்திகரிப்பவை அல்ல என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவது பதில் வசனத்துக்கு நெருக்கமாகப் படுகிறது, ஏனென்றால் 43:20-இல் அந்த ரத்தம் பூசப்படுவது பலிபீடத்தைச் சுத்திகரிக்கத்தான். இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, முதல் படியில் சொன்ன நான்கு கேள்விகளையும் அங்கே கேட்டு, உங்கள் பதிலைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.